கெசித்தோ சாப்பிட்டவர்கள் உண்டா?

புவேர்ட்டோ ரிக்கோ போய்வந்தவர்கள் எல்லோரும் மொஃபோங்கோவைப் பற்றியே எழுதுகிறார்கள். வாழைக்காயைப் பொரித்துப் பூண்டோடு இடித்து உருட்டும் அந்தப் பண்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீவின் காலைப்பொழுது, கிரீம் சீஸ் வைத்துச் சுருட்டிச் சுடும் இனிப்புப் பண்டமான கெசித்தோவுக்குத்தான் சொந்தம்.

சான் ஹுவானில் நாங்கள் தங்கிய தெருமுனையில் ஒரு பனதெரியா, அதாவது ரொட்டிக்கடை இருந்தது. விடிந்ததுமே வரிசை நின்றுவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் சாண் நீளச் சுருள்கள் பாகு பூசிப் பளபளத்துக்கொண்டிருந்தன. கல்லாவில் நின்ற அம்மாள் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் "மி அமோர்" (என் அன்பே) என்றுதான் அழைத்தார், என்னையும் விடவில்லை. அவர் இடுக்கியால் ஒன்றை எடுத்தபோது தட்டில் ஒட்டியிருந்த பாகு நூலாக இழுபட்டது. கடித்ததும் பாகு மொறுமொறுவென உடைகிறது. அதன் கீழே நம் பேக்கரி பப்ஸைப் போல உதிரும் மாவு. நடுவில் சர்க்கரையும் வனிலாவும் சேர்த்துக் குழைத்த கிரீம் சீஸ். அந்தச் சீஸின் மெல்லிய புளிப்பும் உப்பும் இல்லாவிட்டால் பாதியிலேயே திகட்டியிருக்கும். கூடவே சர்க்கரை போடாத பால் காபி வாங்கிக்கொள்ளுங்கள்.

2011இல் ஒபாமா சான் ஹுவானுக்கு வந்தபோது கசால்ட்டா என்ற பேக்கரிக்குப் போனார். இன்றுவரை அவர் சாப்பிட்ட சாண்ட்விச்சைப் பற்றித்தான் பேச்சு. இனிப்புப் பெட்டியைக் கேட்பாரில்லை!

பதில்:
உங்களோடு ஒரு சின்ன வழக்கு. நான் மியாமிவாசி. இங்கே கியூபாக்காரர்களின் பஸ்தெலித்தோதான் ராஜா. அதே அடுக்கு மாவு, ஆனால் சுருட்டாமல் தட்டையாகச் செய்வார்கள். உள்ளே கிரீம் சீஸோடு கெட்டியாகக் காய்ச்சிய கொய்யாப்பழக் கூழும் இருக்கும். அந்தச் சிவப்புக் கூழின் புளிப்பு கெசித்தோவில் ஏது? புவேர்ட்டோ ரிக்கோ நண்பர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பெட்டி நிறையக் கெசித்தோ கொண்டுவருவார். விமானநிலைய வேளாண் சோதனையில் மாம்பழத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், இதை விட்டுவிடுகிறார்கள் என்று அவருக்கு மகா சந்தோஷம்.

பதில்:
கொய்யா வைத்த கெசித்தோவும் உண்டு ஐயா, வழக்கு தள்ளுபடி! வீட்டில் செய்ய விரும்புவோருக்கு: கடையில் கிடைக்கும் உறைந்த பஃப் பேஸ்ட்ரி போதும். 225 கிராம் கிரீம் சீஸுக்குக் கால் கப் சர்க்கரை, சில சொட்டு வனிலா. கலவையைக் குளிரவைத்துக் கெட்டியான பிறகே மாவில் வைத்துச் சுருட்டுங்கள். இளகியிருந்தால் ஓவனில் எல்லாம் வெளியே வழிந்துவிடும். ஓரத்தை முட்டை வெள்ளைக்கரு தடவி ஒட்டி, அந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி அடுக்கி, 200 டிகிரியில் பொன்னிறமாகும்வரை சுடுங்கள். சூட்டோடு சூடாகப் பாகு பூச வேண்டும். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தொய்ந்துபோயிருக்கும். ஓவனில் ஐந்து நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். மைக்ரோவேவ் மட்டும் வேண்டவே வேண்டாம்.