புளியங்கொட்டை எவ்வளவு தூரம் போகும்? பிள்ளைகள் செய்த கவண்கள்

காவேரிப்பட்டினத்திலிருந்து

எங்கள் வீட்டில் கோடை என்றால் புளி வேலை. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை நீக்கி முடிப்பதற்குள் மே மாதம் பாதி போய்விடும். திண்ணை ஓரம் கொட்டை குவிந்து கிடக்கும். ஓசூரிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் மகளும் நாலாவது படிக்கும் என் பையனும் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டுத்தான் கவண் செய்ய உட்கார்ந்தார்கள்.

ஒரு வாரமாகத் தின்ற குச்சி ஐஸின் குச்சிகளைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். ஏழு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு சுற்றினால் ஒரு கட்டு. இன்னும் இரண்டு குச்சிகளை ஒரு முனையில் மட்டும் சேர்த்துக் கட்டி, திறந்த வாயில் அந்தக் கட்டைக் குறுக்கே செருகி, கூட்டல் குறி மாதிரி ரப்பர் பேண்டால் இறுக்க வேண்டும். மேல் குச்சியின் நுனியில் பாட்டில் மூடியை ஃபெவிகால் வைத்து ஒட்டினால் முடிந்தது. மூடியில் கொட்டையை வைத்து விரலால் அழுத்தி விட்டால் பறக்கும்.

பறந்தது, ஆனால் மேலே. என் நெற்றி உயரம் எழும்பி, ஆறடி தள்ளி விழுந்தது. "அத்தை, இது தூரமா போகவே மாட்டேங்குது" என்று அவள் சலித்துக்கொண்டாள். ரப்பர் போதவில்லை என்பது அவள் முடிவு. இன்னும் மூன்று ரப்பர் பேண்டு சுற்றியதில் மேல் குச்சி நடுவில் கீறிக்கொண்டது. அண்ணன் உதவிக்கு எழுந்தார். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பெரியவர்கள் கை வைத்தால் அது நம்முடைய கவணாகிவிடும், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். இதை நான் நிஜமாகவே நம்புகிறேன்.

அடுத்த சண்டை, கொட்டை எங்கே விழுந்தது என்பதில். சிமெண்டுத் தரையில் விழுந்த கொட்டை துள்ளி உருண்டு இன்னும் நாலடி போய்விடும். உருண்ட இடத்தை அளக்க வேண்டும் என்கிறான் பையன். முதலில் விழுந்த இடம்தான் கணக்கு என்கிறாள் அவள். அரைமணி நேரம் கத்தினார்கள். அப்புறம் அவளே உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்து தரையில் மெல்லிசாகத் தூவினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கொட்டையும் விழுந்த இடத்தில் எறும்பு தோண்டிய மாதிரி ஒரு சின்னக் குழி, அதிலிருந்து உருண்டு போன பாதை ஒரு கோடு. சண்டை அங்கேயே நின்றது. ஒரே அமைப்பில் ஐந்து தடவை எறிந்து, நடுவில் வருகிற அளவை நோட்டில் எழுதினார்கள்.

நாலாம் நாள் குறுக்குக் கட்டு நழுவி, முடிச்சுப் போட்ட முனைப் பக்கம் தள்ளிப் போயிருந்தது. சரிசெய்யாமலே எறிந்திருக்கிறான். ஒன்பதரை அடி! ரப்பரும் கொட்டையும் மாறவில்லை. அப்போதுதான் அவள் கவணைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். "குச்சி முன்னைவிட நிமிர்ந்து நிக்குது அத்தை."

காரணம் அதுவேதான். குச்சி வட்டத்தில் சுழல்கிறது. அது மேலே எழும்பிச் சட்டென்று நின்றுபோகும் கணத்தில், குச்சிக்குச் செங்குத்தான திசையில் கொட்டை கிளம்புகிறது. குச்சி தரையை ஒட்டிப் படுத்திருந்தால் கொட்டை வானத்தைப் பார்த்துப் போகும். குச்சி நிமிர நிமிரக் கொட்டை முன்னால் பாயும். அதே வேகத்தில் எறிந்தால் 45 பாகையில்தான் அதிக தூரம் போகும். 75 பாகையில் எறிந்தால் அதில் சரிபாதிதான். எங்கள் முதல் ஆறடி அந்தப் பாதிதான். சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை கிடைக்கும் என்று மட்டும் நான் சொன்னேன். கவணின் வால் பக்கம் இரண்டு நோட்டுகளை முட்டுக்கொடுத்து, மடித்த காகிதத்தைப் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்தார்கள். பன்னிரண்டு அடி.

பாலக்கோட்டிலிருந்து

கோலமாவு யோசனையைப் படித்ததும் என் மகனுக்குக் காட்டிவிட்டேன். எங்கள் அனுபவம் கொஞ்சம் கசப்பானது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

போன வருஷம் அவன் துணி கிளிப்பை ஒரு பலகையில் ஒட்டி, அதன் மேல் ஸ்பூனைக் கட்டி ஒன்று செய்தான். நன்றாகவே எறிந்தது. முதலில் காகித உருண்டை, பிறகு பொரி. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கூழாங்கல். எதிரே குனிந்து எடுத்துக்கொண்டிருந்த தம்பி மகளின் புருவத்துக்குக் கீழே பட்டுவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணுக்கு ஒன்றுமில்லை, மேல்தோல்தான் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதை அடுப்பில் போடச் சொன்னார் அம்மா. நான் போடவில்லை. மகனையே உட்கார வைத்து விதிகளை எழுத வைத்தேன். கல், கோலி, ஆணி கிடையாது. எல்லோரும் கவணுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். விழுந்ததைப் பொறுக்கப் போகும்போது கவண் காலியாக இருக்க வேண்டும். புளியங்கொட்டைகூடக் கண்ணில் பட்டால் ஆபத்துதான், அதனால் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், காவேரிப்பட்டினத்து அக்கா.

இன்னொன்று. கவண் என்றதும் பிள்ளைகளுக்குக் குருவி ஞாபகம் வருகிறது. எங்கள் தாத்தா சோளக் கொல்லையில் பரண் போட்டுக் காவல் இருந்தவர். கயிற்றில் பின்னிய கவண் வைத்திருப்பார். ஒரு முனை விரலில் மாட்டியிருக்கும். சுற்றிச் சுழற்றி மறுமுனையை விட்டால் கல் பறக்கும். கிளிக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மரத்தில் பட்டுச் சத்தம் வரும்படி எறிவார், கூட்டம் எழும்பிப் போய்விடும். பறவை மேல் எறிந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கதையைச் சொன்ன பிறகு மகன் உண்டிவில் கேட்பதை விட்டுவிட்டான்.

பென்னாகரத்திலிருந்து

நான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர் கவணில் ஒரு தொல்லை உண்டு. வெயிலில் கிடந்தாலும் ரொம்ப நேரம் இழுபட்டே இருந்தாலும் ரப்பர் தளர்ந்துவிடும். காலையில் பன்னிரண்டு அடி போனது மாலையில் பத்தடி போகும். பிள்ளைகள் தங்கள் மேல் குறை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அதனால் என் பேரன்களை எடையால் இயங்கும் கவண் செய்ய வைத்தேன். ஒரு மூங்கில் தப்பை, இரண்டு பக்கமும் முக்காலி, நடுவில் அச்சாக ஒரு கம்பி. அச்சிலிருந்து ஒரு பக்கம் ஒரு சாண், மறுபக்கம் நாலு சாண். குட்டைப் பக்கத்தில் மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில், அது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. நீளப் பக்க நுனியில் ஒரு முழக் கயிறும் துணிப் பையும், அதற்குள் நனைத்துப் பிழிந்த துணி உருண்டை. பாட்டில் விழ, நீளப் பக்கம் எழும்ப, பை சுழன்று உருண்டையை விட்டுவிடும். பூமியின் இழுப்பு காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். ஐந்து உருண்டைகளும் ஒரு முறத்தளவு இடத்துக்குள் விழுந்தன.

மூன்று நாள் அது சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருண்டை பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கயிற்றின் ஒரு முனையைத் தப்பையின் நுனியில் இருந்த ஆணியில் வளையமாக மாட்டியிருந்தோம். அந்த ஆணி நேராக இருந்ததால் வளையம் சீக்கிரமே கழன்றுவிட்டது. ஆணியைக் குறடால் கொஞ்சம் முன்னால் வளைத்ததும் உருண்டை முன்னால் போனது. சின்னப் பேரன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளைப்பான், எறிவான், எழுதுவான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று நான் முப்பது வருஷம் வகுப்பில் சொன்னது. இவன் யாரும் சொல்லாமலே செய்தான்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளை அடுக்கும் இடத்தில் 'கல்லுமிழ் கவணும்' என்று வரும். அதைப் படித்துக் காட்டினேன். "அதுக்கு ரப்பரா தாத்தா, எடையா?" என்று உடனே கேட்டான் பெரியவன். அந்த வரியில் அது இல்லை. எப்படி இருந்திருக்கும் என்று அவனே இரண்டு படம் வரைந்து வைத்திருக்கிறான்.

மறுபடியும் காவேரிப்பட்டினத்திலிருந்து

பாலக்கோட்டுத் தம்பிக்கு நன்றி. அன்றைக்கே அண்ணன் பைக் ஓட்டும்போது போடும் கண்ணாடியையும் என் பழைய வெயில் கண்ணாடியையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். பெரிதாக இருப்பதால் பின்னால் நாடா கட்டியிருக்கிறது.

ஐயா சொன்ன ரப்பர் தளர்ச்சி எங்கள் நோட்டிலும் இருக்கிறது. கடைசி இரண்டு பக்கங்களில் அளவு இறங்கிக்கொண்டே வர, பக்கத்தில் 'தெரியவில்லை' என்று அண்ணன் மகள் எழுதியிருக்கிறாள். நேற்று போனில் சொன்னேன். புது ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட் வாங்கிவிட்டாளாம். இங்கிருந்து கொண்டுபோன புளியங்கொட்டை தீர்ந்துவிட்டது, ஒரு படி அனுப்பச் சொல்கிறாள்.