குழுவின் பழைய படங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பென்னாகரம் பக்கம்:
நடுகல், அதாவது இறந்த வீரர்கள் நினைவாக நட்ட கல், தேடிப் போகிற குழு எங்களுடையது. நான்கு வருடப் படங்களை ஒரே டிரைவில் கொட்டி, லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிவிட்டுப் பெருமையாக இருந்தோம். போன ஆடியில் ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். சாலையை அகலமாக்கும்போது அவர்கள் வேடியப்பன் என்று கும்பிடும் நடுகல்லைப் பெயர்த்து எங்கோ போட்டுவிட்டார்களாம். "நீங்க வந்து போட்டோ புடிச்சீங்களே தம்பி, அதைக் காட்டுங்க, வெச்சுத் தேடிப் பாக்கறோம்."

லேப்டாப்பில் ஓட்டினோம். வில்லும் குறுவாளுமாக ஒரு வீரன். அடுத்ததிலும் வில்லும் குறுவாளும். அதற்கடுத்ததிலும். ஊர்ப் பெயர் ஒன்றிலும் இல்லை. எல்லாம் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தவை, எடுத்த நேரமும் இடமும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் புளியமர வேர். பெரியவர் திரையை விரலால் தடவி, "எங்க மரம் மாதிரிதான் இருக்கு" என்றார். மாதிரிதான்.

காவேரிப்பட்டணம்:
நாங்கள் ஏரி தூர்வாருகிறவர்கள். படங்களைச் சேர்த்துவைத்த பொதுவான கூகுள் கணக்கு ஒரு பையனின் போனில் இருந்தது. போனில் இடம் இல்லையென்று கூகுள் போட்டோஸ் செயலியிலேயே படங்களை அழித்துவிட்டான். "மேல இருக்கும்னு நெனச்சேண்ணா." மேலே, கூகுள் கணக்கில் இருந்ததும் சேர்ந்தே போயிற்று. குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், நாங்கள் பார்த்தது மூன்று மாதம் கழித்து. இப்போது ஏரியில் தண்ணீர் நிற்கிறது. கருவேலம் மண்டிக் கிடந்ததைக் காட்ட ஒரு படம் இல்லை.

ஓசூர்:
பென்னாகரம் அண்ணா, வாட்ஸப்பைத் திட்டி என்ன ஆகப் போகிறது? படமாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்பியிருந்தால் மூலப்படம் விவரங்களோடு அப்படியே வந்திருக்கும். ஒவ்வொரு கல்லிலும் முதல் படத்தில் ஊர்ப் பெயர் எழுதிய சிலேட்டு ஒன்றை ஓரமாக வையுங்கள். கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்று எழுதினால் வரிசை தானாக அமையும். கேமரா பேட்டரி மாற்றியதும் தேதியைப் பாருங்கள், பழைய வருடத்துக்குப் போயிருக்கலாம். அப்புறம், எழுத்து தெரியவில்லையென்று கல்லில் மாவு, சாக்பீஸ் பூசுவதை விடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தாலே நிழல் விழுந்து எழுத்து எழும்பும். இரண்டு இடங்களிலாவது பிரதி வேண்டும், ஒன்று வேறு ஒருவர் வீட்டில்.

என் அனுபவமா? மல்லச்சந்திரத்தில் இருக்கும் கற்திட்டைகளின் (பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழங்காலப் புதைவிடங்கள்) படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

பாலக்கோடு:
எல்லாரும் தொலைந்ததைச் சொல்கிறீர்கள். எங்களுக்குத் தொலையாததுதான் தொல்லை. 2020 ஊரடங்கில் அரிசி கொடுத்த படங்களை ஆல்பமாகப் பொதுவில் போட்டிருந்தோம். மூன்று வருடம் கழித்து ஒரு அக்கா வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறோம். அவங்க ஊட்ல இந்தப் போட்டோவைக் காட்டிக் கேக்கறாங்க." அன்றே எடுத்துவிட்டோம். ஆனால் யார் யாரோ பகிர்ந்தது இன்னும் சுற்றுகிறது. அந்தப் படத்தில் எங்கள் பேனர்தான் பெரிதாக இருக்கும். அதன் கீழே அரிசிப் பையோடு அவர் முகம்.

பென்னாகரம் பக்கம்:
ஓசூர் தம்பி, சிலேட்டு வாங்கியாச்சு. சரி, அது அடுத்த கல்லுக்கு. புளியமரப் படத்தைப் பிரின்ட் போட்டுப் பேரனிடம் கொடுத்தேன். சாலையோரம் கொட்டிய மண்மேடு ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார்களாம்.