துபாயை பேஸாக வைத்துப் பறக்கும் பைலட் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. குடும்பத்தை பெங்களூரில் விட்டுவிட்டுப் போய் வர முடியுமா?

அல்சூர்_320:

வணக்கம். வயசு 33, பெங்களூரு பேஸ் (டியூட்டி தொடங்கி முடியும் ஊர்), ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கோ-பைலட். மொத்தம் 3,400 மணி நேரம் பறந்திருக்கிறேன், கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸ் கையில் இருக்கிறது. துபாய் பேஸ் உள்ள ஒரு நிறுவனத்தில் இன்டர்வியூ, சிமுலேட்டர் எல்லாம் முடிந்து போன வாரம் ஆஃபர் வந்துவிட்டது. நெடுந்தூரம் பறக்கும் பெரிய விமானமான 777-க்கு எடுக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 27,000 திர்ஹாம், பறக்கும் மணிக்குத் தனிப் பணம், வீடு அவர்களே கொடுக்கிறார்கள். நவம்பர் முதல் வாரம் சேர வேண்டும். இந்த மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்தால் ஆறு மாத நோட்டீஸ் அக்டோபரோடு முடியும்.

இங்கே மாதம் 70 மணி நேரம் பறப்பதற்கு நிலையான சம்பளம், பிடித்தம் போக கைக்கு 2.3 லட்சம். திர்ஹாமை 24 ரூபாயாக வைத்தாலும் அங்கே அடிப்படை மட்டுமே 6.4 லட்சத்தைத் தாண்டுகிறது, அதுவும் வரி இல்லாமல்.

அப்பா இல்லை. அம்மாவுக்கு 68. அல்சூரை விட்டு எங்கேயும் வரமாட்டார், சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகாமல் அவருக்குப் பொழுது விடியாது. மனைவி பேங்கில் வேலை, மகள் யூகேஜி. அதனால் குடும்பம் இங்கேயே இருக்கட்டும், மாதம் எட்டு ஒன்பது நாள் ஆஃப் வரும்போது நான் வந்து போகலாம் என்று யோசனை. நாலு மணி நேர ஃப்ளைட்தானே. இப்படிப் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) உண்மையில் எப்படி இருக்கும்?

ஒன்பது_வருஷம்:

தம்பி, வாழ்த்துகள். அந்த சிமுலேட்டரைத் தாண்டுவது சாதாரண விஷயம் இல்லை. நான் லிங்கராஜபுரத்துக்காரன். வளைகுடாவில் ஒன்பது வருஷம் பறந்துவிட்டு 2020-ல் திரும்பினேன்.

நாலு மணி நேரம்தானே என்ற கணக்கை முதலில் விட்டுவிடு. ஸ்டாஃப் டிக்கெட் என்பது ஸ்டாண்ட்பை, சீட் மிஞ்சினால்தான் ஏறலாம். இந்தியாவுக்கும் துபாய்க்கும் நடுவே வாரத்துக்கு இத்தனை இருக்கைதான் என்று இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். விமானங்கள் அதனாலேயே நிரம்பித்தான் பறக்கின்றன. ஸ்கூல் லீவிலும் தீபாவளிக்கும் கேட்கவே வேண்டாம். திரும்பும்போதும் இதே கதைதான். டியூட்டிக்கு முந்தின நாளே நீ துபாயில் இருந்தாக வேண்டும். சீட் கிடைக்கவில்லை என்று ரோஸ்டர் ஆபீஸில் சொல்ல முடியாது.

ஒன்பது நாள் ஆஃப் என்றால் ஒன்பதும் சேர்ந்து வராது. எனக்குப் பெரும்பாலும் மூணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு என்று உடைந்துதான் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போக சுமார் 16 மணி நேரம், அங்கே கடிகாரம் துபாயைவிட 11, 12 மணி நேரம் பின்னால். அதிலிருந்து திரும்பி வரும் இரண்டு நாள் ஆஃப் தூக்கத்துக்கே போய்விடும். அந்த உடம்போடு இன்னொரு விமானம் ஏறி ஊருக்கு வந்தால், மகளோடு உட்கார்ந்து சாப்பிடும்போதே கண் சொருகும். நான் ஒரு வருஷம் முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

வேலையின் தன்மையும் மாறும். இங்கே ஒரே நாளில் நாலு செக்டர், அதாவது நாலு முறை ஏறி இறங்கிப் பறக்கிறாய். அங்கே நெடுந்தூரத்துக்கு நாலு பைலட், விமானத்திலேயே உள்ள பங்க் படுக்கையில் முறை வைத்துத் தூங்குவீர்கள், லேண்டிங் ஒருவருக்குத்தான். 90 நாளில் மூணு டேக்ஆஃப், மூணு லேண்டிங் வேண்டும் என்ற விதியை நிறைவு செய்ய நான் சிமுலேட்டருக்குப் போன மாதங்கள் உண்டு. கை விட்டுப்போகிறதே என்ற வருத்தம் எனக்கு நிறையவே இருந்தது.

சீனியாரிட்டி உன்னோடு வராது, அங்கே பட்டியலின் கடைசியில்தான் பெயர். உனக்கு இங்கே கமாண்ட் (கேப்டன் பதவி உயர்வு) எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எழுதவில்லை. 2017-ல் இந்திய விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ போட்ட விதிப்படி கோ-பைலட்டுக்கு நோட்டீஸ் ஆறு மாதம், கமாண்டருக்கு ஒரு வருஷம். கமாண்ட் வாங்கிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தால் எந்த வெளிநாட்டு நிறுவனம் ஒரு வருஷம் உனக்காக இடம் வைத்திருக்கும் என்றும் யோசி.

ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் கிடையாது. அங்குள்ள சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி, அதற்கு மேல் வருஷம் 30 நாள். உன் கணக்கில் ஐந்து வருஷம் முடிந்தால் சுமார் 94,500 திர்ஹாம். பறக்கும் பணமும் வீடும் அதில் சேராது. அதனால் ஆஃபரில் மொத்தத் தொகையைப் பார்க்காதே, அடிப்படை எவ்வளவு என்று பார்.

2020-ல் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். விசா வேலையோடு கட்டியது, வீடும் கம்பெனியுடையது. இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. திரும்பி வந்ததும் என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான்: வருஷா வருஷம் லீவில் வரும்போதெல்லாம் இங்கே பைலட்டுகளுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் பரிசோதனை எடுத்து இந்திய லைசென்ஸை உயிரோடு வைத்திருந்தேன். என்னோடு திரும்பிய சிலர் அதை விட்டுவிட்டதால் மறுபடி காக்பிட்டுக்குள் நுழைய ரொம்ப நாள் அலைந்தார்கள். நீ எந்த முடிவு எடுத்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதே.

கேலண்டர்_அக்கா:

நான் பைலட் இல்லை, பைலட்டின் மனைவி. ஃப்ரேசர் டவுன்காரி. நீங்கள் நினைக்கும் ஏற்பாட்டில் இரண்டு வருஷம் நான் இருந்திருக்கிறேன்.

சமையலறை கேலண்டரில் அவர் வீட்டில் தூங்கிய இரவுகளைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வந்தேன். முதல் வருஷம் எண்ணினால் 71. அதிலும் 30 அவருடைய வருஷாந்திர லீவு. ஒரு பொங்கலுக்கு போகியன்றே ஏர்போர்ட்டுக்குப் போனவருக்கு அடுத்தடுத்து சீட் கிடைக்காமல் காணும் பொங்கலன்று காலையில்தான் வந்து சேர்ந்தார், அன்று ராத்திரியே திரும்பணும். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த அன்று அவர் அட்லாண்டிக்குக்கு மேலே இருந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்.

பணம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக் கடன் அந்த இரண்டு வருஷத்தில்தான் அடைந்தது. ஆனால் தம்பி, உங்கள் அம்மா வரமாட்டார் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களா, அவரிடம் கேட்டீர்களா? என் மாமியாரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். பிறகு குடும்பமாகவே அங்கே போனபோது மூணு மாதம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டோம், இப்போது அவர்தான் திரும்பிப் போகலாமா என்று கேட்டால் கோபப்படுகிறார். உங்கள் மனைவியிடமும் பேங்கில் லீவு எடுக்க முடியுமா, வேலையை விட வேண்டியிருக்குமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அவருடைய சம்பளம் போவதையும் உங்கள் கணக்கில் எழுதுங்கள். அது இல்லாத கணக்கு தப்பான கணக்கு.

இந்திராநகர்_ஆடிட்டர்:

வரி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரிக்காக வருகிறேன். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்திருந்தால் இங்கே ரெசிடென்ட். செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் 181 நாளோடு தப்பலாம். நீங்கள் அக்டோபர் 31 வரை இருந்தால் 214 நாள். அப்படியானால் நவம்பரிலிருந்து மார்ச் வரை துபாயில் வாங்கும் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். அடிப்படை மட்டுமே ஐந்து மாதத்துக்கு 32 லட்சத்துக்கு மேல். இரட்டை வரி ஒப்பந்தத்தில் நிவாரணம் உண்டா என்று உங்கள் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சேரும் தேதியை அடுத்த வருஷம் ஏப்ரலுக்குத் தள்ள முடிந்தால் இந்தச் சிக்கலே எழாது. இன்னொன்று, பிறகு டியூட்டியில் சென்னையிலோ மும்பையிலோ லேஓவர் தங்கினாலும் அதுவும் இந்தியாவில் இருந்த நாள்தான். என் கிளையன்ட் ஒருவர் பறந்த விவரம் எழுதும் லாக் புக்கைக் காட்டித்தான் நாள் கணக்கை நிரூபித்தார், பாஸ்போர்ட் முத்திரைகளையும் பத்திரமாக ஸ்கேன் செய்து வையுங்கள்.

அல்சூர்_320:

எல்லோருக்கும் மனசார நன்றி. கேப்டன், கமாண்டுக்கு இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகும் என்கிறார்கள், அதற்காகக் காத்திருக்கப்போவதில்லை. தனியாகப் போய் வரும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

சேரும் தேதியை ஏப்ரலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு நேற்று ராத்திரி மெயில் போட்டேன். முடியாது என்றால் இந்த பேட்ச்சை விட்டுவிடுவேன். மனைவி பேங்கில் ஒரு வருஷம் சம்பளமில்லா லீவு கேட்டுப்பார்க்கிறேன் என்றிருக்கிறாள். அக்கா சொன்னபடி அம்மாவிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அங்கே கோயில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவருக்கு பாஸ்போர்ட்டே இல்லை, வியாழக்கிழமை அப்பாயிண்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன்.

அம்மாவையோ அப்பாவையோ குடும்ப விசாவில் அங்கே அழைத்துப்போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்த்தார்களா, தனியாக எடுத்தீர்களா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு.