தோட்டத்துத் திடலும் மெர்சிங் மணலும்: பட்டவண்டி அனுபவங்கள்

குளுவாங் தோட்டத்து உறுப்பினர்:

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் குளுவாங் வட்டாரத்தில் பட்டம் விடுவோர் உண்டு. ஆனால் பட்டம் இழுக்க, மூன்று சக்கர வண்டியில் தரையை ஒட்டி அமர்ந்து விரைவோரை நான் முதன்முதலில் பார்த்தது, வடகிழக்குப் பருவக்காற்று வீசிய நாளொன்றில், மெர்சிங்கை அடுத்த ஆயர் பாப்பான் கடற்கரையில்தான். பட்டவண்டி எனப்படும் அந்த வண்டியில் இயந்திரமும் இல்லை, பிரேக்கும் இல்லை. முன்சக்கரத்தைக் கால்களால் திருப்புகிறார்கள். கைகள் இரண்டும் பட்டத்துக்கே உரியவை. காற்று போகும் திசையில் பட்டம் தாழப் பறந்தால் இழுவை மிகும். தலைக்கு மேலே கொண்டுவந்தால் தளரும். ஆகவே வண்டியை நிறுத்துவதும் பட்டத்தின் வேலைதான்.

இதைத் தோட்டத்துத் திடலிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். செம்பனை மரங்களைத் தாண்டி வரும் காற்று சுழன்று வருவதால், ஒரு நொடி துவளும் பட்டம் மறுநொடி ஆளையே இழுத்துவிடும். போதாததற்குத் திடலோரம் மின்கம்பிகளும் செல்கின்றன. சிறிய நான்கு நூல் பட்டத்தை நின்றபடி பழகுவதற்கு மட்டும் திடல் போதும், அதுவும் இடிமழை அறிகுறி இல்லாத நாளில். கைப்பிடிகளை விட்டதும் பட்டம் வலுவிழந்து விழும்படி, பட்டத்தின் பின்னோரத்தை இழுத்து அதைத் தளர்த்தும் பிரேக் நூல்களை மணிக்கட்டோடு இணைக்கும் வாரை அப்போதே அணிந்து பழக வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

பாசிர் கூடாங் பட்டத் திருவிழாவில் மாணவர்கள், பட்டம் மனிதரை இழுக்குமா என்று கேட்டார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போக்காக், பட்டங்கள் இழுக்கும் வண்டிக்கு 1826இலேயே காப்புரிமை பெற்றார் என்றதும் அவர்கள் முகம் மலர்ந்தது, ஓர் ஆசிரியராக எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இன்றைய வண்டியைப் பரவலாக்கியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின். 1990ஆம் ஆண்டையொட்டி அது உருப்பெற்றது. பாய்மரம் கட்டி மணலில் ஓடும் வண்டிகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு இதனை எட்டாம் போட்டிப் பிரிவாகச் சேர்த்துள்ளது. போட்டியில் குறிகளைச் சுற்றி ஓட வேண்டும்; எதிர்காற்றில் நேராகச் செல்ல இயலாததால் வளைந்து வளைந்தே முன்னேறுகிறார்கள். காற்றுக்குக் குறுக்கே ஓடும்போதோ, வண்டி காற்றின் வேகத்தையும் மிஞ்சக்கூடும்.

மெர்சிங் உறுப்பினர்:

குளுவாங் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பருவக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால், கரையோரமாக ஓட்டுவது எளிது. ஆனால் பட்டம் நிலத்துப் பக்கம், சவுக்கு மரங்களை நோக்கியே பறக்கும். நூல் இருபது மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்கலாம் என்பதால், நீர் பெருகியிருக்கும்போது மணலின் அகலம் போதாது. கடல் வற்றும் நேரத்தைப் பார்த்து, தலைக்கவசத்தோடு வாருங்கள். இழுபடும் நூல் தோலை அறுக்கும் என்பதால், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை உங்களுக்குக் கடல் பக்கமாக நிறுத்தி வையுங்கள்.