புதுப்பிப்பு: அரங்கேற்றத்துக்குக் கமரா வாங்கியாயிற்று

மகளின் அரங்கேற்றத்தைப் பதிவுசெய்யக் கைபேசி போதுமா, வீடியோ கமரா வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 20 மடங்கு ஒளியியல் ஜூம் (வில்லையாலேயே கிட்டக் காட்டுவது) உள்ள பழைய கமரா ஒன்றை வாங்கிவிட்டேன். டிஜிட்டல் ஜூமை நம்பாதே என்றவர்களுக்கு நன்றி; அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கும் வேலைதான்.

முதல் ஒத்திகையில் மண்டப விளக்குகள் திரையில் துடித்தன. கடைக்காரரோடு சண்டைக்கே கிளம்பினேன். பிழை என்னுடையது! நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். நான் வைத்திருந்ததோ நொடிக்கு 30 சட்டகம் (படம்), ஒவ்வொன்றுக்கும் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் நேரம் 1/60 நொடி. அவற்றை 25, 1/50 என்று மாற்றியதும், ஒவ்வொரு படத்துக்கும் சரியாக இரண்டு மினுக்கம் அமைந்து, துடிப்பு அடங்கியது.

திருகோணமலையில் கடலோரப் பாறைப் பிளவான இராவணன் வெட்டில் எடுத்த சோதனைப் பதிவில் காற்றிரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மைக்குக்கு உரோம உறை வாங்கவேண்டும்.

தொகுப்பது டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பில். 4கே என்ற உயர்தெளிவுக் கோப்புகளைக் கண்டு திணறிய மடிக்கணினி, ப்ராக்ஸி (தொகுக்க மட்டும் பயன்படும் இலகுவான நகல்) உருவாக்கிய பிறகு ஒழுங்காக ஓடுகிறது. ஒத்திகைக் காட்சிகளுக்கு இடையே பக்கம் புரட்டுவது, நட்சத்திரம் சிதறுவது என்று கிடைத்த எஃபெக்டையெல்லாம் போட்டேன். பார்த்த மாமி, “பிள்ளையின் முகம் எங்கே, தம்பி?” என்றார். அத்தனையையும் நீக்கிவிட்டேன், முடிவில் இருளுக்குள் கரைவது மட்டும் இருக்கிறது.