நேட்டோவும் கொலம்பியாவும்: தூரத்துக் கூட்டால ஆருக்கு நன்மை?

பூநகரியான்:
2018 இல கொலம்பியா, அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளின்ர படைக்கூட்டான நேட்டோவின்ர உலகப் பங்காளி ஆனது. லத்தீன் அமெரிக்காவில அதுதான் முதல் நாடு. நீண்ட போரால வெளியில வாற நாட்டின்ர இராணுவத்துக்கு இப்பிடி ஒரு தொடர்பு நல்லதெண்டுதான் நான் நிக்கிறன். சேர்ந்து சண்டை பிடிக்கிற ஒப்பந்தம் இல்லை இது. புது உறுப்பினரா ஐரோப்பிய நாடுகளைத்தான் அழைக்கலாமெண்டு நேட்டோ ஒப்பந்தத்தின்ர 10ஆம் பிரிவு சொல்லுது. கடல் பாதுகாப்பு, படைக்குள்ள ஊழல் தடுப்பு, கண்ணிவெடி அகற்றல், இதுகள்தான் விசயம்.

முல்லைக்கடல்:
அண்ணை, உறுப்பினர் இல்லையெண்டா, ஒருத்தரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கினமாதிரி எண்டு சொல்லுற 5ஆம் பிரிவின்ர காப்பும் இல்லை. ஆனா 2015 இல கொலம்பியக் கப்பல் சோமாலியாப் பக்கம் நேட்டோவின்ர கடற்கொள்ளைத் தடுப்புக்குப் போனது. உழைப்புக் குடுக்கலாம், ஆபத்தில கேக்க உரிமையில்லை.

அதை விடுங்கோ. 2002க்கும் 2008க்கும் இடையில 6,402 பொதுமக்களைக் கொன்றுபோட்டு, சண்டையில செத்த கெரில்லாக்கள் எண்டு கணக்குக் காட்டினது அந்த இராணுவம். இந்தத் தொகையை 2021 இல சொன்னது 2016 சமாதான உடன்படிக்கையால உருவான நீதிமன்றம். அதுக்கு முதலே வருசக்கணக்காத் தெருவில நிண்டது செத்த பிள்ளையளின்ர தாய்மார். 2017 மாசியில இருந்து கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படங்களோட இருந்த அம்மாக்களைப் பாத்த எங்களுக்கு இது தூரத்துக் கதையோ?

பூநகரியான்:
தூரமில்லைத் தம்பி. அதாலதான் அந்தப் படை மாறோணும் எண்டுறன். தனிய விட்டால் மாறுமோ? அவையளும் எங்களைப்போல மிதிவெடியோட வாழ்ந்த சனம். கொலம்பியப் படைப் பொறியியலாளர் உக்ரேன்காரருக்குக் கண்ணிவெடி அகற்றப் பழக்கப் போனவை. முகமாலையில எங்கட பெண்பிள்ளையள் வெய்யிலுக்குள்ள முழங்காலில இருந்து அங்குலம் அங்குலமா மண்ணைச் சுரண்டிப் படிச்ச வேலையும் அப்பிடி இன்னொரு நாட்டுக்குப் போனால் எனக்குச் சந்தோசம்தான்.

மாங்குளம் அக்கா:
மிதிவெடிக்கு நேட்டோவை உதாரணம் காட்டாதேங்கோ. எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா, போலந்து, பின்லாந்து அஞ்சும், மிதிவெடியைத் தடைசெய்யிற ஒட்டாவா உடன்படிக்கையை விட்டு விலகுறமெண்டு 2025 இல அறிவிச்சவை. அஞ்சும் நேட்டோ உறுப்பினர். கொலம்பியா 2000 இலயே அதை ஏற்ற நாடு, இலங்கை 2017 இல சேர்ந்தது. இதில ஆர் ஆருக்குப் படிப்பிக்கிறது?

பூநகரியான்:
ரஷ்யா பக்கத்தில இருக்கிற பயம் அக்கா. அது பொய்ப் பயமில்லை.

மாங்குளம் அக்கா:
நோர்வேக்கும் ரஷ்யாவோட எல்லை இருக்கு, அதுவும் நேட்டோதான். அது விலகேல்லையே. சண்டை முடிஞ்ச பிறகு வயலுக்க கால் வைக்கிறது அங்கயும் கமக்காரன்தான்.

முல்லைக்கடல்:
அமெரிக்காவில லீஹி சட்டம் எண்டு ஒண்டிருக்கு. பாரிய மனித உரிமை மீறல் செய்த படைப்பிரிவுக்கு உதவி குடுக்கக்கூடாது. அப்பிடி ஒரு நிபந்தனையைப் பங்காளி உடன்பாட்டில தெளிவா எழுதட்டும், நானும் ஆதரிக்கிறன்.

மாங்குளம் அக்கா:
அந்தச் சட்டம் 1997 இல இருந்து இருக்குத் தம்பி. அந்த 6,402 பேரும் செத்தது அதுக்குப் பிறகு. எந்தப் பிரிவுக்குப் பயிற்சி, ஆர் கட்டளைத் தளபதி எண்டதை முன்கூட்டியே அந்தத் தாய்மாருக்குச் சொல்லி, அவையள் மறுத்தால் நிப்பாட்டிற உரிமை வேணும். அதில்லாத பயிற்சியை நான் எதிர்க்கிறன்.

பூநகரியான்:
நிப்பாட்டிற உரிமைக்கு ஒரு அரசும் சம்மதியாது அக்கா. முன்கூட்டியே சொல்லோணும் எண்டதில நானும் உங்களோடதான்.