சந்திரசேகர் எல்லை: கப்பலில் கிடைத்தது 1.44-ஆ, 0.91-ஆ?

தொகுப்பாளன்:
வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பற்றி ஒரு வாழ்க்கைக் குறிப்பு தொகுக்கிறேன். அவர் பெயரால் வழங்கும் எல்லை, அதாவது ஒரு வெள்ளைக் குள்ளனுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) இருக்கக்கூடிய உச்ச நிறை, பற்றித்தான் கேள்வி. "1930-ல் கப்பலிலேயே 1.44 சூரிய நிறை என்று கண்டுபிடித்தார்" என்றுதான் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அவரது 1931 கட்டுரையில் 0.91 என்கிறார்கள். எதைப் போடுவது? கணக்குத் தவறிவிட்டதா?

மீன்கணக்கு:
கணக்கு சரி, உள்ளே போட்ட எண்தான் வேறு. எல்லை நிறை வேண்டுமென்றால் 5.75-ஐ மியூவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மியூ என்பது ஓர் எலக்ட்ரானுக்கு எத்தனை நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) என்ற விகிதம் (இன்றைய பாஷையில், நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1932-ல்தான்). விண்மீன்களில் கனமான தனிமங்களே அதிகம் என்று நம்பிய காலம் அது, 2.5 போட்டார். வகுத்தால் 0.92 வரும், அவர் தந்தது 0.91. கார்பனுக்கு 12 நியூக்ளியான், 6 எலக்ட்ரான், ஆக மியூ 2. இப்போது 1.44 வந்துவிடும். இரும்பாக இருந்தால் 56/26, எல்லை 1.24-க்கு இறங்கிவிடும். மியூ சொல்லாமல் 1.44 என்று மட்டும் எழுதுவது அரைகுறை.

அலைகடல்:
கப்பல் கதையிலும் ஒரு திருத்தம். 1930 ஜூலை 31 பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19. ஆர். எச். ஃபௌலரின் 1926 கட்டுரையை வைத்து வெள்ளைக் குள்ளன் கணக்கை மதராஸிலேயே போட்டுவிட்டார். அதில் விண்மீனைத் தாங்கும் எலக்ட்ரான் அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்கில் ஏறும். நிறை கூடக் கூட ஆரம் சுருங்கும், ஆனால் எந்த நிறைக்கும் ஓர் ஆரம் உண்டு. மையத்தில் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்குகின்றன என்பது பயணத்தில் உறைத்தது. அடுக்கு 4/3 ஆனதும் ஆரம் சமன்பாட்டிலிருந்தே கழன்றுவிடுகிறது, மிஞ்சுவது ஒரே ஒரு நிறை. ஆக, கப்பலில் கிடைத்தது "எல்லை உண்டு" என்பது.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் எட்மண்ட் ஸ்டோனரை விட்டுவிடாதீர்கள். 1930-லேயே ஓர் எல்லையைக் காட்டியவர் அவர். ஆனால் விண்மீன் முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டார்.

மீன்கணக்கு:
இன்னொரு குழி: ஃபௌலர்கள் இருவர். கேம்பிரிட்ஜில் வழிகாட்டியவர் ஆர். எச். ஃபௌலர், 1983 நோபலைப் பகிர்ந்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஃபௌலர். இருவரையும் ஒருவராக்கிய கட்டுரைகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

"1935-ல் கருந்துளையைக் கணித்தார்" என்றும் எழுதாதீர்கள். அந்த ஆண்டு ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் சொன்னது, எல்லைக்கு மேற்பட்ட விண்மீன் வெள்ளைக் குள்ளனாக முடிய முடியாது என்பது. சில கிலோமீட்டருக்குச் சுருங்கி, ஒளியே வெளியேறாதபடி ஈர்ப்பு இறுகும் விண்மீனை அங்கே வர்ணித்தவர் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன், அதுவும் இது அபத்தம் என்று காட்டுவதற்காக!

தொகுப்பாளன்:
சரி, இப்படி மாற்றுகிறேன்: "1930 கடற்பயணத்தில் எல்லை உண்டென்று கண்டார், 1931-ல் மியூ 2.5 கொண்டு 0.91 என வெளியிட்டார். மியூ 2 எனக் கொண்டால் அது 1.44."

அலைகடல்:
சரி. "சூரிய நிறை" விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.